பச்சை விளக்கு அணைந்த பிற்பகல்கள்

எழுபதுகள் முடியப்போகிற சமயம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பைத் தாண்டி, கடல் அலைகளை அளந்து கணக்கிடும் சிறிய ஆய்வு அலுவலகம் ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது. தற்காலிக வேலைதான். கம்ப்யூட்டர் ஆபரேட்டர் என்று ஆணையில் போட்டிருந்தார்கள். வேலையில் சேரும்வரை நான் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்ததில்லை. செங்கல்பட்டில் எங்கள் தெருவில் அந்தச் சொல்லை ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். எங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அப்பா. ரயில்வேயில் கேங்மேன். நீளமான ஸ்பேனரைத் தோளில் சாய்த்துக்கொண்டு தண்டவாளத்தோடு நடந்து, தளர்ந்த போல்ட்டுகளை முடுக்குவது அவர் வேலை. இரண்டாவது ஆள் நான்.

எனக்குப் பிற்பகல் முறை. ஒன்றரை மணிக்குத் தொடங்கி ஏழு மணிக்கு முடியும். உச்சி வெயிலில் பஸ் திருக்கழுக்குன்றத்து மலையைச் சுற்றிக்கொண்டு வரும்போதே எனக்குக் கண் சொக்கும். இறங்கி, மணலில் கால் சுடச்சுட நடந்து, வாசலில் செருப்பை விட்டுவிட்டு கம்ப்யூட்டர் அறைக்குள் வெறுங்காலை வைத்தால் தரை சில்லென்றிருக்கும். சித்திரை வெயிலிலிருந்து ஒரே எட்டில் மார்கழிக்குள் போய்விட்டதுபோல இருக்கும். பீரோ பீரோவாக நின்ற இயந்திரங்கள் எல்லாம் சேர்ந்து ஒரே சுருதியில் ரீங்காரம் செய்துகொண்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் காதில் விழுவதே நின்றுவிடும். கண்ணாடிச் சன்னல் வழியாகக் கடல் தெரியும். ஆனால் அலைச் சத்தம் உள்ளே வராது. சத்தமில்லாமல் அலைகள் வந்து வந்து உடைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தால், நான் விழித்திருக்கிறேனா தூங்குகிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

அந்த அறையில் எனக்கு மிகவும் பிடித்தவை இரண்டு டிஸ்க் டிரைவுகள். இடுப்பளவு உயரம், சோடாக் கடை ஐஸ் பெட்டி மாதிரி அகலம். மேல்மூடியைத் திறந்து, தோசைக்கல் கனத்துக்கு இருக்கும் பழுப்பு நிறத் தட்டுகளின் அடுக்கை உள்ளே இறக்கி, திருகி, மூட வேண்டும். சுவிட்சைப் போட்டதும் தட்டுகள் மெல்லச் சுழலத் தொடங்கும். முதலில் முனகல், பிறகு சீழ்க்கை, பிறகு ஒரே சீரான காற்றொலி. அந்த ஒலி நிலைபெற்றதும் முகப்பில் ஒரு பச்சை விளக்கு எரியும். ‘தயார்’ என்று அர்த்தம். கடலில் மிதவைக் கருவிகள் அளந்த அலைகளின் உயரங்கள் எல்லாம் எண்களாக அந்தத் தட்டுகளில்தான் பதிந்திருந்தன.

கோளாறு அந்த வருஷச் சித்திரையில் தொடங்கியது. வேலை ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று இரண்டாவது டிரைவின் பச்சை விளக்கு அணைந்துவிடும். ஒரு கணம்தான், மறுபடி எரியும். ஆனால் அந்த ஒரு கணத்தில், ஓடிய கணக்கு அவ்வளவும் அறுந்துவிடும். கம்ப்யூட்டரோடு இணைத்திருந்த தட்டச்சுப்பொறி தானாகவே கடகடவென்று பிழைச் செய்தியை அடித்துத் தள்ளும். ஆரம்பத்திலிருந்து மறுபடி ஓட்ட வேண்டும்.

அப்படி அறுந்த கணக்குகளில் பெரும்பாலானவை எங்கள் பிரிவு அதிகாரியுடையவை. ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். அதிர்ந்து பேசாதவர். புயல் வரும்போது இந்தக் கரையில் அலை எவ்வளவு உயரும் என்று கணிப்பதற்காகப் பல வருஷமாக உழைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கணக்கு முழுதாக ஓட ஐந்தாறு மணி நேரம் வேண்டும். காலை பத்து மணிக்கு மேல்தான் அதைத் தொடங்க முடியும். கோளாறு வந்த பிறகு அது ஒரு தடவைகூட முழுதாக ஓடவில்லை.

சென்னையிலிருந்து, இயந்திரத்தைப் பராமரிக்கும் கம்பெனியின் எஞ்சினியர் வந்தார். தோல்பை வைத்திருந்த இளைஞர். டிரைவைத் திறந்து இரண்டு சர்க்யூட் போர்டுகளை மாற்றினார். அடுத்த வாரமே விளக்கு அணைந்தது. மறுபடி வந்தார், மோட்டாரைச் சோதித்தார், ஒரு பகல் முழுக்கக் காத்திருந்தார். அன்று பார்த்து ஒன்றும் நடக்கவில்லை. அவர் போன மறுநாள் பிற்பகல் மூன்றரைக்கு என் கண்ணெதிரிலேயே விளக்கு அணைந்தது.

காலை முறையில் வேலை பார்த்த ஆபரேட்டருக்கு இது ஒரு தடவையும் நடக்கவில்லை. எனக்கு மட்டுமே நடந்தது.

ஒருநாள் அதிகாரி என்னைக் கூப்பிட்டார். “ஒன்னும் தப்பா எடுத்துக்காதீங்கம்மா. நைலக்ஸ் சேலையில மின்சாரம் ஏறும்னு சொல்றாங்க. நீங்க கிட்டப் போறப்போ டிரைவுக்கு அது பாயலாம். நாளையிலேர்ந்து காட்டன்ல வாங்களேன்.”

என்னிடம் அப்போது ஒரே ஒரு பருத்திச் சேலைதான் இருந்தது. அம்மாவுடையதை இன்னொன்றாகச் சேர்த்துக்கொண்டு மாற்றி மாற்றிக் கட்டினேன். விளக்கு அணைந்துகொண்டுதான் இருந்தது. வளையல்களைக் கழற்றினேன். டிரைவிலிருந்து நாலடி தள்ளி நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். அப்போதும் அணைந்தது. எப்போதெல்லாம் அணைகிறது என்று ஒரு நோட்டில் குறிக்கத் தொடங்கினேன். தேதி, மணி, அந்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று மூன்று கட்டங்கள் போட்டேன். மூன்றாவது கட்டத்தில் பெரும்பாலும் ‘சும்மா உட்கார்ந்திருந்தேன்’ என்றுதான் எழுத நேர்ந்தது.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. அந்த வாரம் அதிகாரி என்னை கம்ப்யூட்டருக்கான எண்களை அட்டையில் துளைகளாகப் பதிக்கும் அறைக்கு மாற்றினார். “கொஞ்ச நாளைக்குத்தான்” என்றார். என் இடத்தில் வேறொருவரைப் பிற்பகலில் உட்கார வைத்தார்கள். சோதனைக்காகச் சின்னக் கணக்குகளை மட்டும் ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு வாரம் முழுக்க விளக்கு அணையவே இல்லை.

அதோடு எல்லாருக்கும் முடிவாகிவிட்டது. யாரும் என்னைத் திட்டவில்லை. வராந்தாவில் எதிர்ப்பட்டால் பரிதாபமாகச் சிரித்தார்கள். அதுதான் தாங்கவில்லை.

ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது அப்பாவிடம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

“பொட்டிய தொடக் கூடாதுன்னாங்களா?”

“அப்டி சொல்லலப்பா. வேற ரூம்ல இருன்னாங்க.”

“அது கிட்ட வராதன்னு.”

“ம்.”

“நீ தொட்டா கெட்டுப் போவுதுன்னு.”

தாத்தா காலத்தில் எங்கள் ஆட்கள் எதையெதைத் தொடக் கூடாது என்று நீளமான ஒரு பட்டியல் இருந்தது. அப்பா அதைப் பற்றி வீட்டில் பேசியதே இல்லை. அதிகாரி அந்த எண்ணத்தில் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரிந்திருக்கும். இருந்தாலும் அப்பா பாதிச் சோற்றோடு தட்டில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் ஏதோ மூடுபனிக்குள் நடந்தவைபோலவே நினைவில் இருக்கின்றன. என் உடம்பில் ஏதோ இருக்கிறது என்று நானே நம்பத் தொடங்கினேன். பஸ்ஸில் முன்சீட்டுக் கம்பியின் அருகே விரலைக் கொண்டுபோய், பொறி பறக்கிறதா என்று பார்ப்பேன். கிணற்றடியில் இரும்பு வாளியைத் தொடுமுன் கையை ஈரமாக்கிக்கொள்வேன். கனவில் நான் செங்கல்பட்டு ஏரிக்கரையோரம் நடந்து போகிறேன். நான் கடக்கக் கடக்க, விளக்குக் கம்பங்கள் ஒவ்வொன்றாக அணைகின்றன. திரும்பிப் பார்த்தால் நான் விட்டு வந்தவை மறுபடி எரிகின்றன. பயமாக இல்லை. அமைதியாகவும் கொஞ்சம் அழகாகவும் இருந்தது. விழித்த பிறகுதான் அழுகை வந்தது.

மழை விடாத அந்த நாட்களில் ஒருநாள், சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கட்டடத்தின் பின்படிக்கட்டுக்குப் போனேன். ஏ.சி. இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் அங்கே பீடியோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் குப்பத்துக்காரர். என்னைப் பார்த்ததும் பீடியை அணைத்துவிட்டு நகர்ந்து இடம் கொடுத்தார்.

“இன்னாம்மா, மூஞ்சி ஏன் இப்டி வாடிக் கீது?”

“ஒன்னுமில்லண்ணா. உங்களுக்கு இன்னிக்கி வேல இல்லையா?”

“மழ வந்தா எனக்கு ஜாலிதாம்மா. ஒரு மிஷின் ஓட்னா போதும், ரூம் ஜில்லுனு ஆய்டும். அந்த ரெண்டாவது மிஷின் கீதே, அத்த ஓட்றதுதான் பேஜாரு. ஸ்டார்ட் பண்ணா தகரக் குழாயெல்லாம் ததிங்கினத்தோம் போடும்.”

நான் வாய்க்குக் கொண்டுபோன சோற்றை டப்பாவிலேயே வைத்தேன்.

“அத்த எப்பண்ணா போடுவீங்க?”

“வெயில் ஏறினா போடுவேன். ரெண்டர, மூணு மணி வாக்குல. காலைல தேவப்படாது.”

“மழை வந்தா?”

“அதான் சொன்னேனே, போடவே மாட்டேன்.”

“எந்தெந்த நாள் போட்டீங்கன்னு ஞாபகம் இருக்குமாண்ணா?”

“ஞாபகம் இன்னாத்துக்கு? மணிக்கு மணி நோட்டுல எழுதிகினுதான கீறேன்.”

எண்ணெய்க் கறை படிந்த அந்த நோட்டை அவர் எடுத்து வந்தார். என் கைப்பையிலிருந்து என்னுடையதை எடுத்தேன். இரண்டையும் படியில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தோம். சாரல் படாமல் அவர் தன் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டார். என் நோட்டில் பதினேழு தடவை விளக்கு அணைந்திருந்தது. பதினேழு நாளிலும் இரண்டாவது மிஷின் ஓடியிருந்தது. அது ஓடத் தொடங்கிப் பத்து நிமிஷத்திலிருந்து அரை மணிக்குள் விளக்கு அணைந்திருந்தது. எஞ்சினியர் நாள் முழுக்கக் காத்திருந்தாரே, அன்று மேகமூட்டம். மிஷின் ஓடவில்லை.

அண்ணன் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தார். கடைசியில் நிமிர்ந்தவரின் முகம் சுருங்கியிருந்தது. “அப்ப எம் மிஷினாலதான் உன்ன வெளிய அனுப்ச்சாங்களா?” என்று கேட்டார். அவர் குற்றவாளியைப்போலக் கேட்டதும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

இரண்டு நாள் கழித்து எஞ்சினியர் மூன்றாம் தடவையாக வந்தார். அவரும் அதிகாரியும் பேசிக்கொண்டிருந்த இடத்துக்கு நான் போனேன். நோட்டுகள் கையில் இருந்தன.

“சார், ஒரு சின்ன சோதனை பண்ணிப் பாக்கலாமா? நான் வெளியிலயே நிக்கிறேன், உள்ள வரவே மாட்டேன். ரெண்டாவது ஏ.சி.ய மட்டும் போடச் சொல்லுங்க.”

எஞ்சினியர் சன்னலைப் பார்த்தார். மழை கொட்டிக்கொண்டிருந்தது. “இந்தக் குளிர்ல ரெண்டாவது ஏ.சி.யா?”

“குளிர்ல அது ஓடல, லைட்டும் அணையல. அதான் சார்” என்று நோட்டுகளை நீட்டினேன்.

அவர் இரண்டையும் நின்றபடியே புரட்டினார். பிறகு உட்கார்ந்து புரட்டினார். அதிகாரியைப் பார்த்து, “இத நான் பண்ணியிருக்கணும் சார்” என்றார்.

நான் வராந்தாவில் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்றேன். தரையைத் துடைத்துக்கொண்டிருந்த அக்கா, மாப்புக் கோலோடு என் பக்கத்தில் வந்து நின்றாள். அவளும் குப்பத்துக்காரிதான். காலையில் மீன் விற்றுவிட்டுப் பிறகு இங்கே வேலைக்கு வருபவள்.

“இன்னாம்மா, உன்ன வெளிய நிக்க வெச்சிட்டு உள்ள இன்னா பண்ணிகினு கீறாங்க?”

“அந்தப் பச்ச லைட்டு அணையுதான்னு பாக்கறாங்கக்கா.”

“அணஞ்சா நல்லதா, கெட்டதா?”

“எனக்கு நல்லது.”

“அப்ப அணையட்டும்” என்று சொல்லிவிட்டு, கோலை ஊன்றிக்கொண்டு அவளும் பார்க்கத் தொடங்கினாள்.

சுவருக்கு அப்பால் இரண்டாவது மிஷின் உறுமிக்கொண்டு கிளம்பியது. என் உள்ளங்காலுக்கு அடியில் தரை லேசாக அதிர்ந்தது. ஆறு மாதமாக அந்த அதிர்வின் மேல்தான் உட்கார்ந்திருந்திருக்கிறேன். தாலாட்டைப்போல அதில் சொக்கியும் போயிருக்கிறேன். உள்ளே அதிகாரி கைகளை அக்குளில் செருகிக்கொண்டு குளிரில் நின்றார். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். கண்ணாடியில் என் மூச்சுப் படர்ந்தது, துடைத்துவிட்டுப் பார்த்தேன். பச்சைப் புள்ளி அசையாமல் எரிந்தது. வெகுநேரம் அதையே பார்த்ததில் அது பெரிதாகி, கலங்கி, தண்ணீரில் மிதப்பதுபோல் ஆகிவிட்டது.

“பூட்ச்சி!” என்று அக்கா கத்தினாள்.

விளக்கு அணைந்திருந்தது. தட்டச்சுப்பொறி கடகடவென்று அடித்தது. அதிகாரி மெல்லத் திரும்பிக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். எஞ்சினியர் கதவைத் திறந்து, “உள்ள வாங்க மேடம், நீங்கதான் இதக் கண்டுபிடிச்சது” என்றார்.

மிஷின் கிளம்பிய கணத்தில் அணையாமல் பத்து நிமிஷம் கழித்து அணைந்ததால், மின்சாரம் குறைந்ததல்ல, தரையின் அதிர்வுதான் காரணம் என்றார் அவர். அதிர்வால் எது கெடுகிறது என்பது இனிமேல்தான் தெரிய வேண்டும். ஒவ்வொரு டிரைவிலிருந்தும் கை மணிக்கட்டுப் பருமனில் ஒரு கேபிள் தரைக்கு அடியில் ஓடி, அறையின் மறுகோடியில் இருந்த கம்ப்யூட்டர் பீரோவுக்குப் போயிற்று. எஞ்சினியர் டிரைவுகளின் பக்கத்து முனையில் இரண்டு கேபிள்களையும் மாற்றிச் செருகினார். “இப்ப கோளாறு எதோட போகுதுன்னு பாப்போம். மறுபடி ரெண்டாவது டிரைவ் அணைஞ்சா தப்பு டிரைவ்ல. முதல் டிரைவ் அணைஞ்சா தப்பு கேபிள்ல.”

கால் மணி நேரத்தில் முதல் டிரைவின் விளக்கு அணைந்தது. அதுவரை ஒருநாளும் அணையாத விளக்கு.

தரை என்று நாங்கள் நடந்துகொண்டிருந்தது உண்மையில் கால்கள் மேல் நிறுத்திய பலகைகள். ரப்பர் பிடிகளை ஒட்டவைத்து அவற்றைத் தூக்கலாம். எஞ்சினியரும் ஏ.சி. அண்ணனும் ஒவ்வொன்றாகத் தூக்கினார்கள். நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டேன். அடியில் இன்னோர் உலகம் இருந்தது. குளிர்காற்றுப் போகும் தகரக் குழாய், அதன் ஓரமாக மழைக்கு மழை வந்து ஒதுங்கிய நைஸ் மணல், எங்கோ ஓர் ஓட்டை வழியாக வந்து சேர்ந்த சின்ன நண்டு. வெளிச்சம் பட்டதும் அது பக்கவாட்டில் ஓடி இருட்டில் மறைந்தது. கடல் எங்களுக்கு அடியில் வந்துபோய்க்கொண்டிருந்தது, நாங்கள்தான் அறியாமல் இருந்திருக்கிறோம்.

கேபிள் தேவைக்கு மேல் நீளம். மிச்சத்தைச் சுருட்டி, யாரோ அந்தத் தகரக் குழாயின் மேலேயே வைத்திருந்தார்கள். மிஷின் ஓடினால் குழாய் அதிரும். குழாய் அதிர்ந்தால் சுருள் ஆடும். சுருளின் கனம் பீரோவின் பின்னால் செருகியிருந்த முனையை இழுக்கும். அந்த முனையை இறுக்கிப் பிடிக்க இரண்டு திருகாணிகள் இருக்க வேண்டும். ஒன்று இல்லை. முனையைக் கழற்றிப் பார்த்தால், ஊசி ஊசியாக இருந்த பித்தளைக் கால்களில் ஓரமாக நாலைந்து உப்புக்காற்றில் பச்சை பூத்திருந்தன.

“இவ்ளோதானா?” என்றார் அதிகாரி.

“இவ்ளோதான் சார்” என்றார் எஞ்சினியர். சொல்லிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினார்.

ஸ்பிரிட் தொட்ட துணியாலும் பென்சில் ரப்பராலும் ஒவ்வொரு காலாக நான்தான் துடைத்தேன். என் கை சின்னது, உள்ளே எளிதாக நுழைந்தது. ஏ.சி. அண்ணன் தன் டப்பாவிலிருந்த திருகாணிகளையெல்லாம் கொட்டிப் பார்த்தார். ஒன்றின் மரையும் சேரவில்லை. சென்னையிலிருந்து வரும்வரை என்ன செய்வது என்று யோசித்தபோது அக்கா, “நவுருங்க” என்று சொல்லி இடுப்பிலிருந்து ஒரு கண்டு நைலான் நூலை எடுத்தாள். வலை பின்னுகிற நூல். முனையைப் பீரோவின் சட்டத்தோடு சேர்த்து நாலு சுற்றுச் சுற்றி இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டாள். எஞ்சினியர் இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. சுருளைக் குழாயிலிருந்து இறக்கி ஒரு மரக்கட்டையின் மேல் வைத்தோம். இரண்டு மிஷினும் மாலைவரை ஓடின. விளக்கு அணையவில்லை.

அன்று வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திருகாணி இல்லை என்ற இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

“மொத்தம் எத்தினி திருகாணி?”

“ரெண்டுப்பா. ஒன்னு இல்ல.”

“ஒன்னு பூட்டா மத்தது எத்தினி நாளைக்குத் தாங்கும்? வண்டி மேல போவப் போவ ஆடிக்கினேதான இருக்கும்.” அவர் தண்டவாளத்தைச் சொன்னார். அம்மாவைக் கூப்பிட்டு, “பாத்தியா? பொட்டி பொட்டியா வெச்சிகினு கீறாங்க, போல்ட்ட பாக்கல” என்றார். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பா இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்த திங்கட்கிழமை நான் மறுபடி பிற்பகல் முறைக்குப் போனேன். மழை விட்டு வெயில் அடித்தது. காலை பத்து மணிக்கு அதிகாரி தன் புயல் கணக்கை ஓடவிட்டிருந்தார். அது என் முறைக்குள்ளும் ஓடிக்கொண்டே இருந்தது. மூன்று மணிக்கு இரண்டாவது மிஷின் கிளம்பியது. அவர் தன் அறைக்குப் போகாமல் என் நாற்காலிக்குப் பின்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். சன்னலுக்கு வெளியே அலைகள் சத்தமில்லாமல் வந்து விழுந்தன. அறைக்குள் அதே அலைகள் எண்களாகச் சுழன்றுகொண்டிருந்தன. எது வெளியே, எது உள்ளே என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு மயக்கம் எனக்கு.

நாலேகாலுக்குக் கணக்கு முடிந்தது. அச்சுப்பொறி காகிதத்தை மடிப்பு மடிப்பாகத் தள்ளத் தொடங்கியது. அவர் எழுந்து போய், தாளைக் கிழிக்கக்கூடப் பொறுக்காமல், வேட்டியை ஒதுக்கிக்கொண்டு அச்சுப்பொறியின் காலடியிலேயே சம்மணமிட்டு அமர்ந்துவிட்டார். வரவரப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

கடைசி மடிப்பு விழுந்து பொறி ஓய்ந்ததும் நிமிர்ந்து, “சாப்ட்டீங்களாம்மா?” என்று கேட்டார்.

மணி அப்போது ஐந்துக்கு மேல். மத்தியானமே சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு, “இல்ல சார்” என்றேன்.

“நானும் சாப்பிடல. வாங்க” என்று தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தார்.